பிள்ளை பார்க்கிற வேலையில் சம்பளம் கூட்டிக் கேட்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையிலும் உப்புவெளியிலுமாக மூன்று வீடுகளில் பதினான்கு வருடம் பிள்ளை பார்த்தவள் நான். இப்போது முழங்கால் விடுவதில்லை, வீட்டோடு இருக்கிறேன். மகள் வங்கியில் வேலை. அவளுடைய பிள்ளையைப் பார்க்கப் பாலையூற்றில் இருந்து ஒருவர் வருகிறார். ஆகச் சம்பளம் வாங்குகிற பக்கமும் தெரியும், கொடுக்கிற பக்கமும் தெரியும். கோயிலடியில், பஸ்ஸில், சந்தையில் கண்டால் இந்த வேலை செய்யும் பெண்கள் என்னைப் பிடித்து வைத்துக் கேட்கிற கேள்விகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், கேட்கலாமா? கேட்டால் "நாளையில் இருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட மாட்டார்களா?

கேட்கலாம். ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் கேட்கத்தான் வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதை நம்மைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதைத்தானே தினமும் பார்க்கிறோம்.

நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கைப்பிள்ளை ஒருவரிடம் பழகி, அவர் கையால் சாப்பிட்டு, அவர் மடியில் தூங்கப் பழகுவதற்கு மாதக் கணக்கில் ஆகிறது. புதிய ஆளைத் தேட வேண்டும், அவரை நம்ப வேண்டும், பிள்ளை அழுது காய்ச்சல் பிடித்துத் தேற வேண்டும். அதுவரை தாய் லீவு போட வேண்டும். மாதம் மூவாயிரம், நாலாயிரத்துக்காக இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்ள எந்தத் தாயும் அவசரப்பட மாட்டாள். மறுக்கலாம், முகம் சுளிக்கலாம், இரண்டு நாள் கதைக்காமல் இருக்கலாம். கேட்டதற்காகவே நிறுத்திய வீடு ஒன்றைத்தான் நான் கண்டிருக்கிறேன். அந்த வீட்டில் அதற்கு முன்பும் யாரும் ஆறு மாதம் தாண்டியதில்லை.

சட்டப்படி நமக்கு இவ்வளவு தர வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

இல்லை. கசப்பாக இருந்தாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம்தான் தேசியக் குறைந்தபட்ச வேதனத்தைக் கொண்டுவந்தது. அப்போது மாதம் 10,000 ரூபாய். பிறகு 12,500, 17,500 என்று ஏறி, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ஆகியிருக்கிறது. நாள் கூலி என்றால் 1,200. ஆனால் வீட்டு வேலை செய்பவர்களை அந்தச் சட்டம் வெளியே விட்டுவிட்டது. வயதான காலத்துக்கென்று மாதாமாதம் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதியும் நமக்கு இல்லை. வேலையை விடும்போது மொத்தமாக ஒரு தொகை தரச் சொல்லும், 1983இல் வந்த பணிக்கொடைச் சட்டமும் வீட்டு வேலைக்காரர் என்று பெயர் சொல்லியே நம்மை விலக்கி வைத்திருக்கிறது. நம்மைப் பற்றியே எழுதப்பட்ட சட்டம் ஒன்று உண்டென்றால், அது வெள்ளைக்காரன் காலத்தில் 1871இல் வந்த வீட்டு வேலைக்காரர் பதிவுச் சட்டம். அது நம்மைப் பதிந்து வைக்கச் சொன்னது, சம்பளத்துக்குக் கீழ் எல்லை எதையும் வைக்கவில்லை.

ஆகவே "சட்டப்படி தாங்க" என்று போய் நிற்காதீர்கள். அவர்களுக்குச் சட்டம் தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த 30,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் சாமான் அடுக்குகிற பிள்ளைக்கு நாடு வைத்திருக்கும் கீழ் எல்லை அது. பெற்ற பிள்ளையை நம்பிக் கையில் தருகிறவருக்கு அதைவிடக் குறைவாகத் தருகிறோமே என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தால் வரட்டும்.

எப்போது கேட்பது?

பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

முதலில் எப்போது கேட்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். காலையில் அவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம் கூடாது. தாய் தலை வாரிக்கொண்டு, ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கும்போது சம்பளக் கதை எடுத்தால் வருகிற பதில் "பிறகு பார்ப்பம்" மட்டும்தான். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்திலும் கேட்காதீர்கள், அதுவும் வெள்ளிக்கிழமையில். அந்த நேரத்தில் காசை வீட்டைவிட்டு வெளியே விடாத குடும்பங்கள் இங்கே இன்னும் நிறைய. பிள்ளைக்குச் சுகமில்லாத கிழமை, செத்த வீடு நடந்த மாதம், வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் கராஜில் கிடக்கும் நாட்கள், இவையும் வேண்டாம்.

சரி, எப்போது என்றால் அந்த வீட்டுக்குக் காசு எப்படி வருகிறது என்று பாருங்கள். திருகோணமலையில் நம்மை வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை ஆசிரியர், தாதி, கச்சேரி (மாவட்டச் செயலகம்), மாகாண சபை அலுவலகம் என்று அரச சம்பளம் வாங்கும் வீடுகள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250இல் இருந்து 40,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். அது ஒரே நாளில் வரவில்லை. 2025 ஏப்ரலில் ஒரு பங்கு, 2026 ஜனவரியில் ஒரு பங்கு, 2027 ஜனவரியில் மிச்சம் என்று பிரித்துத் தருகிறார்கள். எனவே தைப்பொங்கல் முடிந்து, ஜனவரிச் சம்பளம் கைக்கு வந்த கிழமையில் கேளுங்கள். அவர்களுக்கும் கூடியிருக்கிறது என்று நீங்கள் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்தும் வீடு என்றால் கணக்கு வேறு. அவர்களுக்குக் காசு மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைதான். ஒக்டோபரில் மழை தொடங்கினால் வெள்ளைக்காரர் தென்பக்கம் போய்விடுவார்கள், கட்டில் எல்லாம் காலி. நவம்பரில் போய்க் கேட்டால் உண்மையாகவே கையில் இருக்காது. ஜூலையில் கேளுங்கள்.

இன்னொரு நேரமும் உண்டு. வேலை மாறும் நேரம். இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது, தாய் நைட் டியூட்டிக்கு மாறுகிறார், தகப்பனுக்கு வேறு ஊருக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது என்றால் அதற்கு முந்திய மாதமே பேசிவிடுங்கள். பிரசவ லீவு 84 நாள் என்பார்கள். அது முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும் கிழமையில்தான் உங்கள் பெறுமதி அந்த வீட்டில் உச்சத்தில் நிற்கும். இதை நான் ஆரம்பத்திலேயே தெரிந்து வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

என்ன சொல்லித் தொடங்குவது? எனக்கு வாய் வராது.

எனக்கும் வரவில்லை. வந்தபோது பிழையாக வந்தது. அந்தக் கதையைச் சொன்னால் விளங்கும்.

இரண்டாவது வீட்டில் முதல் தடவை கேட்கப் போனபோது என்னுடைய கஷ்டம் முழுவதையும் கொட்டினேன். அரிசி விலை, மகனின் டியூசன் காசு, கடல் கொந்தளிப்பால் மனுசன் மூன்று கிழமை தொழிலுக்குப் போகாதது, கூரை ஒழுகியது. கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுசி. உள்ளே போய் ஐந்து கிலோ அரிசி, இரண்டு பழைய சாரி, கையில் 5,000 ரூபாய் கொண்டுவந்து தந்தார். 5,000 கடன்தான், மாதம் ஆயிரமாகக் கழிப்பதாகப் பேச்சு. சம்பளம் கூட்டிக் கேட்கப் போனவள், அடுத்த ஐந்து மாதமும் ஆயிரம் குறைந்த சம்பளத்தோடு வீடு வந்தேன்!

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கஷ்டத்தைக் காட்டினேன், அவர் கஷ்டத்துக்குத் தருவதைத் தந்தார். கஷ்டத்தைக் கேட்டால் சாரி வரும், கடன் வரும், கண்ணீர்கூட வரும். வேலையைக் காட்டினால்தான் சம்பளம் வரும்.

ஒரு வருடம் கழித்து மறுபடி போனேன். இந்த முறை மகனின் பழைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு போனேன். இடது பக்கத்தில் நான் சேர்ந்தபோது இருந்த வேலை: ஒரு பிள்ளை, காலை எட்டு முதல் இரண்டு மணிவரை, சாப்பாடு தீத்துவது, தூங்க வைப்பது. வலது பக்கத்தில் இப்போதைய வேலை: இரண்டு பிள்ளை, ஏழு முதல் ஐந்துவரை, மூத்ததை முன்பள்ளியில் இருந்து கூட்டி வருவது, இரண்டு பேரின் உடுப்பும் கழுவுவது, பின்னேரச் சாப்பாடு செய்வது, சனிக்கிழமையும் வருவது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு கூடிப்போச்சா அக்கா? நான் யோசிக்கவே இல்ல" என்றார். அடுத்த மாதம் 4,000 கூடியது. முந்திய வருடம் கண் கலங்கிய அதே கதிரையில் இருந்துதான் அதைச் சொன்னார்.

வேலை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் ஏறும். "அக்கா, அப்படியே அந்தப் பாத்திரத்தையும் போட்டிடுங்களேன்" என்பதில் தொடங்கும். ஏற்றுபவருக்கும் தெரியாது, சுமப்பவருக்கும் கணக்கிருக்காது. அதனால் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மகளைக் கொண்டாவது எழுதுவியுங்கள்.

தொடக்கத்துக்கு இரண்டு வசனம் போதும். "டீச்சர், என்ர வேலை விசயமா உங்களோட கொஞ்சம் கதைக்கணும். சனிக்கிழமை பின்னேரம் நேரம் இருக்குமா?" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். அன்றைக்கு இருந்து, "பிள்ளைய நான் எடுக்கக்குள்ள நாலு மாசம். அப்ப இருந்த வேலை இது, இப்ப இருக்கிற வேலை இது. சம்பளம் அப்ப பேசினதுதான். இனி முப்பதாயிரம் ஆக்கித் தாங்க" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். அவர் யோசிக்கும்போது நமக்கு வாய் துடிக்கும், "இல்லாட்டிப் பரவாயில்ல டீச்சர், ஏலுமானதைத் தாங்க" என்று நாமே குறைத்துவிடுவோம். தண்ணீர் குடியுங்கள், பிள்ளையின் மூக்கைத் துடையுங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள்.

தாயிடம் கேட்பதா, தகப்பனிடமா?

தினமும் உங்கள் வேலையைக் காண்பவர் யாரோ அவரிடம். அது பெரும்பாலும் தாய்தான். மாமியார் இருக்கிற வீட்டில் அவர் காதில் முதலில் போடாதீர்கள், கதை அடுப்படியிலேயே வெந்துவிடும்.

எவ்வளவு கேட்பது?

உதாரணத்துக்கு இப்போது 25,000 வாங்குகிறீர்கள் என்று வைப்போம். திங்கள் முதல் சனிவரை 26 நாள், ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம். மாதம் 260 மணித்தியாலம். பிரித்துப் பார்த்தால் மணிக்கு 96 ரூபாய்தான். இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், கூச்சம் பாதி போய்விடும்.

மனதில் மூன்று எண் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்பது, கிடைத்தால் திருப்திப்படுவது, இதற்குக் கீழே என்றால் வேறு வீடு பார்ப்பது. 25,000 காரர் 30,000 கேட்கலாம், 28,000இல் நிற்கலாம். இரட்டிப்பாகக் கேட்டுப் பேரம் பேசுவது சந்தையில் மீன் வாங்க உதவும். நாளைக்கும் அதே வீட்டுக்குள் போகப்போகிற நமக்கு அது சரிவராது. "நீங்களே பார்த்துத் தாங்க" என்பது அதைவிட மோசம். பார்த்துத் தந்தால் ஐந்நூறு தருவார்கள்.

கின்னியா, மூதூர்ப் பக்கம் இருந்து வருகிறவர்கள் போக்குவரத்துக் காசைச் சம்பளத்தோடு கலக்காதீர்கள். பஸ் காசைத் தனியாகக் கேளுங்கள். கட்டணம் கூடும்போது அதுவும் தானாகக் கூடட்டும்.

"இப்ப சாமான் விலை குறைஞ்சிட்டுதே, பிறகென்ன கூட்டிறது" என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், அதனால் பதில் தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கியது 170 ரூபாய் அளவில் ஆனது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. அதற்குப் பிறகு பணவீக்கம் குறைந்தது உண்மை. 2024 கடைசியில் பூச்சியத்துக்குக் கீழேயும் போனது. ஆனால் அது ஏறுகிற வேகம் நின்ற கதை, கொஞ்சம் சறுக்கிய கதை. 170க்குப் போனது மறுபடி 100க்கு இறங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. "சேர், விலை ஏறுறது நிண்டிருக்கு, ஏறின விலை இறங்கேல்ல. 2021இல வாங்கின பால்மா விலைக்கு இப்ப எந்தக் கடையில வாங்கலாம்?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பால்மா வாங்குகிறவர் அவர்தானே.

"நீங்க எங்கட வீட்டு ஆள் மாதிரி, உங்களோட காசுக் கணக்கா பாக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வசனத்தில்தான் எத்தனையோ பேரின் சம்பளம் வருடக் கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. அன்பு பொய் இல்லை. நான் வளர்த்த பையன் இப்போது பல்கலைக்கழகம் போகிறான், வழியில் கண்டால் ஓடி வந்து கையைப் பிடிப்பான். ஆனால் வீட்டு ஆளுக்கு மாதச் சம்பளமும் இல்லை, லீவு கேட்கும் தேவையும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது. "அதாலதான் டீச்சர் உரிமையோட உங்களிட்டக் கேக்கிறன், வெளி ஆளெண்டாக் கேக்காமலே போயிருப்பன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய சொல்லையே பிடித்துக்கொண்டு பேசினால் யாருக்கும் கோபம் வராது.

தீபாவளிக்குச் சாரி, புதுவருடத்துக்குக் கைவிசேஷம், பெருநாளுக்கு உடுப்பு எல்லாம் தருகிறார்கள். அதற்குமேல் கேட்பது நன்றாக இருக்குமா?

அது வேறு, இது வேறு. கைவிசேஷம் வெற்றிலையில் வைத்துத் தருவது, கணக்கில் வராது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். கேட்பதைத் தை மாதத்திலேயே கேட்டுவிட்டால் சித்திரையில் இந்தக் குழப்பமும் இருக்காது.

அந்த வீட்டில் கடன் வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்டால் முகம் கொடுக்க முடியுமா?

கடனைக் கொடுத்து முடித்துவிட்டுக் கேட்பது மரியாதை. ஆனால் முடியவே முடியாத கடன் என்றால் காத்திருக்காதீர்கள். இங்கே பல பெண்களுக்கு ஒரு பக்கம் கிழமை லோன், ஒரு பக்கம் சீட்டு, மூன்றாவதாக வேலை வீட்டு அட்வான்ஸ். இந்த அட்வான்ஸ்தான் நம் வாயைக் கட்டுகிறது. கேட்கும்போதே, "கூட்டித் தாறதில பாதியைக் கடனில கழியுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் காசு திரும்பி வருகிறது, உங்களுக்கும் சம்பளம் ஏறிவிடுகிறது. கடன் முடிந்ததும் முழுதும் உங்களுடையது.

வேறு வீட்டில் கூடத் தருகிறார்கள் என்று சொல்லலாமா?

உண்மை என்றால் ஒருமுறை, மெதுவாகச் சொல்லலாம். பொய் என்றால் வேண்டாம். உவர்மலையில் நீங்கள் சொன்னது அன்று பின்னேரமே திருக்கடலூரில் கேட்கும், ஊர் அவ்வளவு சின்னது. சீசனில் விடுதிகளுக்கு அறை துப்புரவு செய்ய ஆள் தேடுவது எல்லோருக்கும் தெரிந்த விசயம், அதை நீங்கள் சொல்லவே தேவையில்லை. நான் ஒருநாளும் அதை எடுத்துப் பேசியதில்லை. பிள்ளையை வைத்து மிரட்டுவது போல ஒரு தொனி வந்துவிடும், அது வந்தால் நம்பிக்கை போய்விடும்.

பிள்ளை முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டது. கூட்டுவதை விட்டுக் குறைக்கப் பார்க்கிறார்களே?

பிள்ளை இல்லாத அந்த மூன்றரை மணித்தியாலத்தில் நீங்கள் வீட்டுக்குப் போய்விட முடியுமா? முடியாது. எட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, பதினொன்றரைக்குக் கூட்டி வர வேண்டும். இடையில் சமையல், உடுப்பு. அதைச் சொல்லுங்கள். உண்மையாகவே அரை நாள் வேலையாக ஆக்குகிறார்கள் என்றால் சம்பளம் குறைவது நியாயம்தான். ஆனால் அந்த மற்ற அரை நாளில் வேறு வீடு பார்க்க உங்களுக்குச் சுதந்திரம் வேண்டும்.

கையில் இல்லை, கூட்டவே முடியாது என்கிறார்கள். பொய் இல்லை, எனக்கும் தெரிகிறது. வேறு என்ன கேட்கலாம்?

நேரத்தைக் கேளுங்கள். சனிக்கிழமையை விடச் சொல்லலாம், ஐந்து மணியை நாலு மணி ஆக்கலாம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் சம்பளத்தோடு லீவு கேட்கலாம். அப்புறம் எனக்குப் பிடித்தது ஒன்று: சேமலாப நிதி நமக்கு இல்லை என்றேன் அல்லவா, அதற்குப் பதிலாக உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தில் மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ அவர்களே போட்டுவிடச் சொல்லுங்கள். கையில் தந்தால் செலவாகிவிடும், புத்தகத்தில் விழுந்தால் நிற்கும். என் மூன்றாவது வீட்டார் அப்படிப் போட்டார்கள். என் முழங்காலுக்கு வைத்தியம் செய்தது அந்தக் காசுதான்.

கூடவே, "எப்ப திரும்பக் கதைப்பம்?" என்று ஒரு மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்று விட்டால் பிறகுதான்.

பேசியதை எழுதி வாங்குவது அவர்களைச் சந்தேகப்படுவது போல இருக்காதா?

மூதூரிலும் கின்னியாவிலும் எத்தனை பெண்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, சம்பளம் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறார்கள்! தெரியாத நாட்டில் தெரியாத வீட்டுக்கு ஒரு தாள் இருக்கிறது, சொந்த ஊரில் இல்லை. முத்திரை ஒட்டிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம். சம்பளம் எவ்வளவு, எந்த மாதத்தில் இருந்து, என்ன நேரம், என்ன வேலை என்று வட்ஸ்அப்பில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். "எனக்கு மறந்துபோகும் டீச்சர்" என்று சொன்னால் போதும்.

தரவே மாட்டார்கள் என்றால் வேலையை விடுவதா? பிள்ளையை நினைத்தால் மனம் வரவில்லை.

இதற்கு என்னிடம் லேசான பதில் இல்லை. இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் காரணம்கூடச் சொல்லாமல் மறுத்தால் வேறு வீடு தேடத் தொடங்குங்கள். கிடைத்த பிறகு ஒரு மாத அவகாசம் கொடுத்து விலகுங்கள், சொல்லாமல் நிற்காதீர்கள். புதிதாக வருபவரோடு ஒரு கிழமை சேர்ந்து இருந்து பிள்ளையைப் பழக்கிவிட்டு வாருங்கள். நான் முதல் வீட்டை விட்டபோது அந்தப் பெண் பிள்ளைக்கு இரண்டரை வயது. ஓட்டோவில் ஏறும்போது என் செருப்பு ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள், நான் போகக்கூடாதாம். ஒற்றைச் செருப்போடுதான் வீடு வந்தேன்.

இப்போது உங்கள் மகள் வீட்டில் வேலை செய்பவர் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கேட்டுவிட்டார். போன மாதம், சனிக்கிழமை பின்னேரம். எனக்கு வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "மகளிட்டக் கேட்டுச் சொல்லுறன், இந்த மாசம் கொஞ்சம் நெருக்கடி." பதினான்கு வருடம் நான் கேட்ட அதே வசனம், அட்சரம் பிசகாமல்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். முதலாம் திகதியில் இருந்து 3,000 கூட்டியிருக்கிறோம், பஸ் காசு தனி.